ஈரலுடன் வந்த காவலர்

தம் உடலின் ஒரு கூற்றைப் பிறர்பொருட்டு ஈந்தோர் வரலாறுகள் நம் நூல்களிற் பல உள. புறாவொன்றைக் காத்தற்பொருட்டுத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையையும், காளத்தியிலே தம் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்ப நாயனாரின் கதையையும் கேளாதவர் சிலரே. ஆயினும் இக்கதைகள் யாவும் கொடுத்தலோடு நிறைவுறுகின்றன. கொடுக்கப்பட்ட உறுப்பு மறுநாள் என்னவாயிற்று, பெற்றவரின் உடல் அதனை ஏற்றுக்கொண்டதா, ஏற்றபின் எத்தனை காலம் அது பழுதின்றி இருந்தது என்னும் வினாக்கள் கதைக்கு வேண்டாதவை. மருத்துவத்துக்கோ அவையே தலையாய வினாக்கள். கொடை முடிந்த இடத்திலேதான் மருத்துவனின் கவலை தொடங்குகின்றது.

ஈரல் பழுதுற்ற ஒருவருக்கு வேறொருவரின் ஈரலைப் பொருத்தி உயிர் காக்கும் சிகிச்சை இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. அவ்வாறு பொருத்தப்பட்ட ஈரலை வைரசு நோய்கள் தாக்காவண்ணம் காப்பதற்கு, மருந்தை மட்டும் நம்பாது, உயிருள்ள நிர்ப்பீடனக் கலங்களையே நோயாளியின் குருதியில் ஏற்றும் முறையொன்றை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். அம்முறை யாது, அது எதனால் வேண்டப்பட்டது, இன்று எந்நிலையில் உள்ளது, நம்மவர் அதனை எங்ஙனம் நோக்குதல் தகும் என்பனவே இப்பேச்சின் பொருள்.

நிர்ப்பீடனம் என்னும் சொல் நம் பாடசாலை மாணவர்க்குப் பழகிய சொல்லே. நோயை எதிர்த்து நிற்கும் உடலின் வன்மையை அது குறிக்கின்றது. மருத்துவத்தைத் தமிழிற் பேசுவது யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டிலே இங்கு வந்து, மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூற்று நூலையும் இரண வைத்திய நூலையும் தமிழில் ஆக்குவித்து, தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் கற்பித்தார். அக்காலத்திற் கற்பனையிலும் தோன்றாத ஒரு சிகிச்சையை இன்று அதே மொழியில் விளக்குதல் இயலும், இயலவும் வேண்டும்.

முதலில் ஈரலின் இயல்பைச் சிறிது நோக்குவோம். அது வயிற்றறையின் வலப்பக்கத்தில், விலாவென்புகளின் மறைவில் இருப்பது. வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. நாம் உண்ணும் உணவின் சாரம் குடலிலிருந்து குருதிவழியாக முதலில் வந்து சேரும் இடம் அதுவே. வந்த பொருளிற் கொள்ளத்தக்கதைக் கொண்டு, சேமிக்கத்தக்கதைச் சேமித்து, நஞ்சானதை நீக்கி, பித்தநீரைச் சுரந்து, குருதி உறைவதற்கு வேண்டிய புரதங்களையும் ஆக்கி, ஓயாது தொழில் செய்வது ஈரல். குடலிலிருந்து வரும் குருதியில் உணவின் சாரத்தோடு கிருமிகளும் கலந்து வருதல் கூடும். ஆதலினால் இயற்கையானது ஈரலின் உள்ளே காவற் கலங்களைத் திரளாக நிறைத்து வைத்திருக்கின்றது. இச்செய்தியை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ளுதல் நன்று. பின்னர் இதுவே பேச்சின் நடுவாக வரும்.

மதுவினாலோ, ஈரலழற்சி வைரசுகளாலோ, நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்பேற்றத்தினாலோ பல்லாண்டுகள் தாக்குண்ட ஈரல் சுருங்கி, வடுப்பட்டு, கட்டியாகிவிடுகின்றது. செங்கண்மாரி, வயிற்றில் நீர்கோத்தல், குருதி வாந்தி, அறிவு மயக்கம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரும். சிறுநீரகம் பழுதுற்றால் இயந்திரத்தின் துணையோடு ஆண்டுக்கணக்காக வாழலாம். ஈரலின் தொழில் முழுவதையும் அவ்வாறு நெடுங்காலம் ஏற்று நடத்தும் இயந்திரம் இன்றுவரை இல்லை. அந்நிலையில் வேறோர் ஈரலே வழி.

இவ்வழியை முதன்முதலில் மனிதரில் முயன்றவர் அமெரிக்கச் சத்திர வைத்தியர் தோமஸ் ஸ்ரார்சில். 1963ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் டென்வர் நகரில் அவர் செய்த முதலாவது மாற்றுச் சிகிச்சையில், நோயாளியான சிறுவன் சத்திரசிகிச்சை மேசையிலேயே உயிர் நீத்தான். அதனைத் தொடர்ந்தவர்களும் சில வாரங்களுக்கு மேல் வாழவில்லை. 1967ஆம் ஆண்டிலேதான் ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, இச்சிகிச்சை இயலுவது என்பதை உலகுக்குக் காட்டியது.

சத்திரக் கத்தியின் திறமை ஒருபுறம் இருக்க, பெருந்தடையாக நின்றது உடலின் இயல்பே. தன்னுடையது எது, பிறருடையது எது என்று பிரித்தறிந்து, பிறருடையதை அழித்துத் தள்ளுவது நிர்ப்பீடனத்தின் கடமை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எரிகாயம் பட்டோருக்குப் பிறர் தோலை ஒட்டியபோது அது ஏன் ஒட்டாது கழன்றது என ஆராய்ந்து, இவ்வுண்மையைத் தெளிவுபடுத்திய பீற்றர் மெடவார் 1960ஆம் ஆண்டில் நோபல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றார். கிருமிக்கும் கொடையுறுப்புக்கும் உள்ள வேறுபாடு உடலுக்குத் தெரியாது. இரண்டும் அதற்கு அயலானவையே.

இத்தடையைத் தளர்த்திய மருந்துகள் இரண்டும் மண்ணிலிருந்தே பிறந்தன. நோர்வே நாட்டு மண்ணிற் கண்ட பூஞ்சணம் ஒன்றிலிருந்து சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்து வந்தது. 1978 முதல் அது மாற்றுச் சிகிச்சையிற் பயன்படலாயிற்று. யப்பானின் சுக்குபா மலைப் பகுதி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1984ஆம் ஆண்டில் ரக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. இவை நிர்ப்பீடனத்தை அடக்கி, அயலுறுப்பை உடல் தாக்காமற் செய்கின்றன. இவற்றின் வரவுக்குப் பின்னரே ஈரல் மாற்று சோதனை என்னும் நிலை கடந்து சிகிச்சை என்னும் நிலையை எய்தியது.

தமிழர் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. மயிலாடுதுறைப் பகுதியிற் பிறந்து, சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற முகமது ரேலா, 1997ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிற் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு ஈரல் மாற்றுச் செய்து புகழ் பெற்றார். 1998ஆம் ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அதன் தந்தையார் தம் ஈரலில் ஒரு பகுதியை ஈந்தார். டெல்லியில் நடைபெற்ற அச்சிகிச்சையே இந்தியாவிற் குழந்தையொன்றுக்கு வெற்றியாக நிறைவேறிய முதலாவது ஈரல் மாற்றாகும். அக்குழந்தை வளர்ந்து தானும் ஒரு மருத்துவரானது பின்னைய செய்தி. நம் நாட்டில், இராகமையிலுள்ள கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தாரின் துணையோடு இச்சிகிச்சை நடைபெற்று வருகின்றது.

உயிருடன் உள்ளவர் தம் ஈரலிற் பாதியளவை ஈந்தும் நலமாக வாழ முடிவது ஏன் எனிற், குறைந்த பகுதியைத் தானே வளர்த்து நிரப்பிக்கொள்ளும் ஆற்றல் ஈரலுக்கு உண்டு. சில மாதங்களில் ஈந்தவரிடத்தும் பெற்றவரிடத்தும் அது வேண்டிய அளவுக்கு வளர்ந்துவிடும்.

இனி இடர்ப்பாடு எங்கே உள்ளது என்பதைக் காண்போம். கொழும்புத்துறை, பெயருக்கேற்பத் துறையாக விளங்கிய ஊர். யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில் உள்ள அதன் இறங்குதுறையிலிருந்து அக்காலத்திற் பூநகரிக் கரைக்கு வள்ளங்கள் சென்று வந்தன. அத்தகைய ஒரு துறையிற் காவலர் நின்று, ஊருக்குப் பழக்கமில்லாத எந்த வள்ளத்தையும் அணையவிடாது துரத்துகின்றனர் என வைத்துக்கொள்வோம். ஊருக்கு இன்றியமையாத உணவுப்பொருளை ஏற்றிய அயலூர் வள்ளம் ஒன்று வருகின்றது. காவலரோ அதனையும் துரத்துவர். அவ்வள்ளம் அணைய வேண்டுமாயின் காவலரை உறங்க வைத்தல் வேண்டும். காவலர் உறங்கினால் நல்ல வள்ளம் அணையும். ஆனால் அதே இருளிற் கள்ளரும் அணைவர். நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளின் நன்மையும் தீமையும் இவ்விரண்டுமே.

இக்கள்ளருள் முதன்மையானவை வைரசுகள். சைற்றோமெகலோ வைரசு என்பது உலகில் மிகப் பெரும்பாலாரின் உடலிற் சிறுவயதிலேயே புகுந்து, நோயொன்றும் காட்டாது ஒடுங்கிக் கிடப்பது. எப்ஸ்ரீன் பார் வைரசும் அத்தகையதே. காவல் விழித்திருக்கும்வரை அவை தலைதூக்கா. காவல் தளர்ந்தவுடன் முன்னையது காய்ச்சலையும், குடல், நுரையீரல், ஈரல் என்பவற்றின் அழற்சியையும் விளைக்கும். பின்னையது நிணநீர்க் கலங்களைக் கட்டின்றிப் பெருகச் செய்து புற்றுநோயாகவும் முடியும். வைரசு ஒடுங்கிய ஈரலை, அவ்வைரசை ஒருகாலும் அறியாத உடல் பெறுமாயின் ஆபத்து இன்னும் மிகும்.

இன்னொரு கொடிய நிலையும் இருந்தது. ஈரலழற்சி சி என்னும் வைரசினால் ஈரலை இழந்தவர் புதிய ஈரலைப் பெறுகின்றார். பழைய ஈரல் நீங்கினாலும் குருதியில் அவ்வைரசு நீங்குவதில்லை. புதிய ஈரல் பொருத்தப்பட்ட உடனேயே வைரசு அதனையும் பற்றிக்கொள்ளும். மருந்தினால் நிர்ப்பீடனம் அடக்கப்பட்டிருத்தலின், சிகிச்சைக்கு முன்பிருந்ததைக் காட்டிலும் வைரசின் தொகை மிகும். அவ்வாறு பற்றப்பட்டோரில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு, ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்குள் புதிய ஈரலும் வடுப்பட்டுக் கட்டியாயிற்று. மனைவியோ மகனோ தம் உடலை அறுத்து ஈந்த கொடை, கண்ணெதிரே மீண்டும் அழிவதைக் குடும்பம் பார்த்திருக்க நேர்ந்தது.

இவ்விடர்ப்பாட்டுக்கு விடைதேடியவர்களுள் யப்பானின் ஹிரோஷிமாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒதான், ஒகிரா முதலிய சத்திர வைத்தியர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1945ஆம் ஆண்டில் அணுக்குண்டினால் ஒரே காலைப்பொழுதில் அழிந்த அந்நகரின் மருத்துவர்கள், ஒவ்வோர் உயிரையும் தனித்தனியாகக் காக்கும் வழியொன்றை வகுத்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்களின் ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஈந்தவரின் உடலிலிருந்து எடுத்த ஈரலைப் பொருத்துமுன், அதனுள் எஞ்சிய குருதியை நீக்குதற்குக் குளிர்ந்த திரவத்தைச் செலுத்திக் கழுவுவர். கழுவி வடிந்த நீர் கழிவாகக் கொட்டப்படுவது வழக்கம். அந்நீரில் யாது உள்ளது என்று அவர்கள் நோக்கினர். முன்னர்க் கூறியவாறு, ஈரல் காவற் கலங்கள் நிறைந்த உறுப்பு. கழுவுநீரில் அக்கலங்கள் திரளாக இருந்தன. அவற்றிலும் இயற்கைக் கொல்லிக் கலங்கள் எனப்படுபவை மிகுந்திருந்தன. 1970களின் நடுப்பகுதியில் அறியப்பட்ட இக்கலங்கள், முன்பயிற்சி எதுவுமின்றியே, வைரசு புகுந்த கலங்களையும் புற்றுநோய்க் கலங்களையும் கண்டு கொல்லும் இயல்புடையவை. பொதுவான குருதியில் ஓடும் இக்கலங்களைக் காட்டிலும் ஈரலில் வாழ்பவை வலிமை மிக்கவை என்பதும் தெரிந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உறுப்பைத் தள்ளிவிடுவதில் முன்னிற்பவை ரீ கலங்கள் எனப்படும் நிணநீர்க் கலங்கள். ரக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் பெரிதும் அடக்குவது அவற்றையே. இயற்கைக் கொல்லிக் கலங்களை அவை அத்துணை அடக்குவதில்லை. எனவே, ரீ கலங்கள் உறங்கும் உடலிலும் இக்கலங்களை விழித்திருக்கச் செய்தல் கூடும். வள்ளம் அணையவேண்டி ஊர்க்காவலரை உறங்க வைத்தோம். ஆயின், அவ்வள்ளத்தைத் தன்னுடையதென்றே அறிந்த காவலரை அவ்வள்ளத்திலேயே ஏற்றி வந்தாற் காவலும் உண்டு, தடையும் இல்லை. ஹிரோஷிமா அறிஞரின் கருத்து இதுவே.

அவர்கள் கழுவுநீரிலிருந்து பிரித்த கலங்களை ஆய்வுகூடத்தில் இன்ரர்லூக்கின் 2 என்னும் பொருளோடு வைத்து வளர்த்தனர். அது கலங்களைத் தூண்டி வலுவூட்டுவது. அக்கலங்களோடு கலந்து வந்த, ஈந்தவரின் ரீ கலங்கள், பெற்றவரின் உடலையே அயலென்று கருதித் தாக்குதல் கூடும். அத்தீங்கு நேராதிருக்க, ரீ கலங்களைப் பற்றும் பிறபொருளெதிரி ஒன்றையும் சேர்த்தனர். ஈரலைப் பொருத்திய மூன்றாம் நாளில் அக்கலங்களை நோயாளியின் நாளத்தில் ஏற்றினர். ஈரலழற்சி சி வைரசு உடையோரில் இவ்வாறு செய்தபோது, முதல் மாதத்தில் அவர்களின் குருதியிலிருந்த வைரசின் தொகை, இச்சிகிச்சை பெறாதாரைக் காட்டிலும் தெளிவாகக் குறைந்திருந்தது.

எலிகளிலும் இதனைச் சோதித்தனர். ஈரலின் கலங்கள் மனித ஈரற் கலங்களால் மாற்றப்பட்ட எலிகளுக்கு அவ்வைரசு கலந்த குருதிப்பாயத்தைச் செலுத்தினால் அவை தவறாது நோயுறும். தூண்டப்பட்ட ஈரற் காவற் கலங்களைப் பெற்ற எலிகளிலோ தொற்று முற்றிலும் தடுக்கப்பட்டது. இன்ரர்பெரோன் காமா என்னும் பொருளை இக்கலங்கள் சுரந்து, வைரசு பெருகுவதைத் தடுப்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. பின்னர் அமெரிக்காவின் மயாமிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இறந்தோர் ஈந்த ஈரலிலிருந்தும் இக்கலங்களைப் பெற்று, ஈரற் புற்றுநோய் காரணமாக மாற்றுச் சிகிச்சை பெற்றோருக்கு ஏற்றிப் பார்த்தனர். கழிவென்று கொட்டிய நீரிலேயே மருந்து இருந்தது என்பது இவ்வரலாற்றின் பெரும் படிப்பினை.

இதற்கு வேறான வழியொன்றும் உண்டு. குறித்த ஒரு வைரசை முன்னர்ச் சந்தித்து நினைவில் வைத்திருக்கும் ரீ கலங்களைத் தேர்ந்து, ஆய்வுகூடத்திற் பெருக்கி ஏற்றுவது அவ்வழி. அமெரிக்காவின் சியற்றில் நகர ஆய்வாளர் 1992ஆம் ஆண்டிலும், அதன்பின் 1995ஆம் ஆண்டில் 14 பேரிலும், என்புமச்சை மாற்றுப் பெற்றோருக்குச் சைற்றோமெகலோ வைரசைத் தடுத்தற்கு இவ்வாறு செய்து காட்டினர். என்புமச்சை மாற்றில் இது எளிது. பெற்றவரின் குருதியே ஈந்தவருடையதாக மாறிவிடுகின்றது. ஈரல் மாற்றில் உறுப்பு ஒருவருடையது, குருதி வேறொருவருடையது. ஆதலின் எவருடைய கலத்தை எடுப்பது என்பதே சிக்கலான வினாவாகும். நோயாளியின் கலங்களையே எடுத்து வளர்க்கலாம். அதற்கு நாட்கள் வேண்டும். நலமுடைய வேறொருவரின் கலங்களை முன்னரே வளர்த்துச் சேமித்து, இழைய ஒற்றுமை பார்த்து அளிக்கலாம். இவ்விரண்டாம் முறையில் ஆக்கப்பட்ட ஒரு சிகிச்சையை, மாற்றுச் சிகிச்சைக்குப்பின் எப்ஸ்ரீன் பார் வைரசினால் வரும் நிணநீர்க் கலப் பெருக்க நோய்க்கு, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது.

இவ்வளவு கூறியபின், மறுபக்கத்தையும் மறையாது கூறுதல் கடன். ஐரோப்பாவில் ஏற்கப்பட்டது, வந்த நோயைத் தீர்க்கும் சிகிச்சை. வருமுன் காக்கும் சிகிச்சையன்று. பல வைரசுகளை ஒருங்கே தடுக்குமென நம்பி, என்புமச்சை மாற்றுப் பெற்றோரில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று, எதிர்பார்த்த பயனைக் காட்டமாட்டாதெனக் கண்டு 2023ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. ஈரலழற்சி சி வைரசைப் பொறுத்தவரையில், 2013ஆம் ஆண்டின் இறுதி முதல் வந்த புதிய மாத்திரைகள், மூன்று மாத அளவில் அதனை உடலிலிருந்தே ஒழிக்கின்றன. ஆகவே, ஹிரோஷிமா அறிஞர் எந்த வைரசை எதிர்த்துக் கலங்களை ஏவினரோ, அவ்வைரசுக்கு இன்று மாத்திரையே போதும். சைற்றோமெகலோ வைரசுக்கும் மூன்று முதல் ஆறு மாதம் மருந்து கொடுத்துக் காப்பதே நடைமுறை.

அங்ஙனமாயின் அவர்களின் உழைப்பு வீணா? அன்று. மருந்துக்கு அடங்காத வைரசும் உண்டு; மருந்தே குருதிக் கலங்களைக் குறைத்துவிடும் நோயாளரும் உண்டு. நிர்ப்பீடனம் என்பது முழுவதும் விழித்திருப்பது அல்லது முழுவதும் உறங்குவது என்னும் இரண்டே நிலைகளை உடையதன்று. அதன் ஒரு கூற்றை அடக்கி, மற்றொரு கூற்றை எழுப்புதல் கூடும் என்பதை அவ்வாய்வு மனிதரிலேயே காட்டியது. ஈரற் புற்றுநோய் மீளாது தடுப்பதற்கு அதே கலங்கள் உதவுமா என்பது இன்று ஆராயப்படுவதும் அவ்வறிவின் பயனே.

இனி, இவ்வறிவு நம் வீட்டு வாயிலில் எவ்வாறு பயன்படும் என்பதை நோக்குவோம். கொழும்புத்துறையில் வாழும் குடும்பத் தலைவர் ஒருவர், ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள இராகமையிலோ, கடல் கடந்து சென்னையிலோ ஈரல் மாற்றுப் பெற்று வீடு திரும்புகின்றார் என்று கொள்வோம். அவருக்கு ஈரலை ஈந்தவர் அவருடைய மகளாகவே இருத்தல் கூடும். வைத்தியசாலையின் கண்ணாடி அறையிலிருந்து, கிணறும் முற்றமும் உறவினரும் நிறைந்த வீட்டுக்கு அவர் வருகின்றார். அவருக்கு நிர்ப்பீடனக் கலங்களை ஏற்றுவார் எவருமிலர். அவருடைய காவல் பெரும்பாலும் அவர் வீட்டார் கையிலேயே உள்ளது.

மாத்திரையை வைத்தியர் குறித்த நேரத்தில், நாடோறும், தவறாது கொடுத்தல் முதலாவது காவல். உடல் தேறிவிட்டது என்று கருதி நிறுத்துவோர் ஈரலை இழப்பர். விரைவில் தேறவேண்டுமென்று மிகுதியாக உண்போர் கிருமிக்கு இடங்கொடுப்பர். மருந்தின் அளவை அறியக் குருதி எடுக்கும் நாளில், குருதி எடுத்த பின்னரே காலை மாத்திரையை உண்ணல் வேண்டும். முன்னர் உண்டால் அளவு பொய்யாகக் காட்டும். பம்பளிமாசு போன்ற பழங்கள் ரக்ரோலிமசின் அளவைக் குருதியில் உயர்த்திவிடக்கூடும். முற்றத்தில் விளைந்த பழமாயினும் விலக்குதல் நன்று. செங்கண்மாரிக்குக் கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம். மாற்று ஈரல் உடையவருக்கு எந்த மூலிகையையும், எந்தக் குளிகையையும், சிகிச்சை செய்யும் வைத்தியரைக் கேளாமற் கொடுத்தலாகாது. மூலிகையை இகழ்ந்து இவ்வாறு கூறவில்லை. ஒரு மருந்து மற்றொன்றின் அளவை மாற்றும் என்பதனாலேயே கூறப்பட்டது.

கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தல், பச்சைப் பாலை விலக்குதல், கடனீரேரியின் மீனையும் நண்டையும் இறாலையும் நன்றாக வேகவைத்தல், மண்ணைக் கிளறும் வேலைக்குக் கையுறை அணிதல் என்பன எளிய செயல்களே. காய்ச்சலும் இருமலும் உள்ளவர், அன்பினாலே நலம் விசாரிக்க வந்தாலும், வாயிலிலேயே நின்று போதல் அன்பின் மிக்க வடிவமாகும். சின்னமுத்து, கொப்புளிப்பான் ஆகியவற்றுக்கான, உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் அவருக்கு ஆகா. உயிரற்ற கிருமியால் ஆன காய்ச்சல் தடுப்பூசி முதலியவற்றை வைத்தியர் ஏற்பாட்டின்படி இடுவித்தல் வேண்டும். காய்ச்சல் கண்டால் நாளைவரை பார்ப்போம் என்று இருத்தலாகாது. அடங்கிய நிர்ப்பீடனம் உரத்துக் கூவாது. சிறு காய்ச்சலே பெருநோயின் முதற் குரலாக இருத்தல் கூடும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அன்றே சென்று, மாற்று ஈரல் உடையவர் என்பதை முதலிற் கூறுதல் வேண்டும்.

புதிய சிகிச்சையின் பெயர் பரவும்போது, அப்பெயரை விற்போரும் தோன்றுவர். நிர்ப்பீடனக் கலங்களை ஏற்றி எந்நோயையும் தடுப்போம் என்று விளம்பரம் செய்வோர் உளர். அவர்களிடம் மூன்று வினாக்களைக் கேட்டல் போதும். இக்கலங்கள் எவரிடமிருந்து எடுக்கப்பட்டன? இச்சிகிச்சைக்கு எந்நாட்டு அரசின் எந்த அதிகார நிறுவனம், எந்நோய்க்கு, இசைவு அளித்துள்ளது? மாற்றுச் சிகிச்சை செய்த வைத்தியர் இதனை அறிவாரா? இவற்றுக்கு நேரிய விடை கூறாதவரிடம் காணியை ஈடுவைத்துப் பணம் கொடுத்தல், நோயோடு வறுமையையும் வாங்குவதாகும். உண்மையான ஆராய்ச்சி தன் ஐயங்களையும் சேர்த்தே சொல்லும். ஐயமே இல்லை என்று கூறுவது வாணிபம்.

இவை யாவற்றுக்கும் முந்திய காவல் ஒன்று உண்டு. அது ஈரல் பழுதாகாதபடி பார்த்தல். ஈரலழற்சி பீ வைரசுக்குத் தடுப்பூசி உண்டு. 2003ஆம் ஆண்டு முதல் அது நம் நாட்டுக் குழந்தைகளின் தடுப்பூசித் திட்டத்திற் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு முன் பிறந்தோர் வைத்தியரை வினவி அறிந்துகொள்ளலாம். சவர அலகையும் ஊசியையும் ஒருவர் பயன்படுத்தியபின் மற்றவர் பயன்படுத்தலாகாது. மதுவை விலக்கலும், நீரிழிவையும் உடற்பருமனையும் கட்டுப்படுத்தலும் ஈரலுக்குச் செய்யும் பேருதவிகள். ஆயிரம் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்ப்பதிலும், ஒருவர் மதுவைக் கைவிடுவது எளிது; பயனும் பெரிது.

ஈதற்கு முன்வருவோரைப் பற்றியும் ஒரு சொல். மனித இழையங்களை மாற்றிப் பொருத்தும் சட்டம் நம் நாட்டில் 1987ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. இறந்தபின் உறுப்புகளை ஈவதற்கு அது வழி வகுத்துள்ளது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் மூளைச் சாவுற்றோரின் உறுப்புகளை முறையாகப் பகிர்ந்தளிக்கும் அரசு ஏற்பாடு நடைபெற்று வருகின்றது. இறந்தவர் ஒருவரின் ஈரல் கிடைக்குமாயின், உயிருள்ள மகளோ மகனோ தம் உடலை அறுத்துக்கொள்ள வேண்டிய தேவை ஒழியும். இதனை மரணப் படுக்கையின் அருகில் நின்று முடிவு செய்தல் எவருக்கும் அரிது. நலமாக இருக்கும் நாளில், உணவுண்ட பின்னர்க் குடும்பத்தார் கூடியிருக்கும் வேளையிற் பேசிவைத்தல் இயலும்.

ஹிரோஷிமாவின் ஆய்வுகூடம் நம் ஊருக்குத் தொலைவில் உள்ளது. அங்கே கலங்களைப் பேணுவோர் ஒருபொழுதும் தவறாது குறித்த வெப்பத்திலும் குறித்த வேளையிலும் அவற்றை நோக்குகின்றனர். அதே கருத்தோடு, கொழும்புத்துறை வீடொன்றிலே, காலையிலும் மாலையிலும் மணியைப் பார்த்து ஒரு மாத்திரையையும் ஆறிய நீரையும் தந்தையின் கையில் கொடுக்கும் மகளும் அக்காவலில் ஒருத்தியே. அவள் ஈந்தது ஒருநாள்; காப்பது நாடோறும்.